மனைவியால் பெய்த மண்மழை

துன்ஹுவாங்,
இரண்டாம் மாதம், முழுநிலவுக்கு முந்தின நாள்

மதிப்பிற்குரிய கணவர் சுவோ தெங் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. தொடங்கப்போனால் மைக்கல்லில் மையைவிட மண் அதிகமாக இருக்கிறது.

இந்த வருடம் கறுப்புக் காற்று முன்னதாகவே வந்துவிட்டது. நடுப்பகலில் விளக்கு ஏற்றினோம், கையில் பிடித்திருந்த விளக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. மேற்குச் சுவரில் மணல் சமையலறைச் சன்னல் வரை ஏறி நிற்கிறது. மாமாவின் இருமலில் இரத்தம் வருகிறது. யென் நன்றாக இருக்கிறாள். (நம் மகள். மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன், ஏழு வயது.)

குவாசோவில் என் அண்ணன் வீட்டில் இடம் இருக்கிறது. அங்கே மரம் உண்டு, ஆறு உண்டு, மணல் அவ்வளவு வராது. ஆனால் மாமா கிளம்பமாட்டேன் என்கிறார். "என் மகன் அரமனைக் கோபுரத்துல உக்காந்து காத்துக்கே கணக்கு எழுதறவன்மா. போகணும்னா அவன் சொல்லாமலா இருப்பான்?" என்கிறார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதே பெருமைதான்.

ஆகவே சொல்லிவிடுங்கள். "கிளம்புங்கள் அப்பா" என்று ஒரே ஒரு வரி. இன்னொரு பெருங்காற்றை இந்தக் கூரை தாங்காது. அவரும் தாங்கமாட்டார்.

உங்கள் இல்லாள்,
ஷுன்

*

சாங்கான், வானியல் மாடம்,
மூன்றாம் மாதம், தேய்பிறை

ஷுன்,

உன் கடிதத்தில் உருப்படியான செய்தி ஒன்றும் இல்லை. காற்று எந்தத் திசையில் தொடங்கியது, ஐந்து சுரங்களில் எந்தச் சுரத்தில் ஒலித்தது, எதுவுமே எழுதவில்லை. சன்னல் வரை மணல் என்பது அடுப்படி அளவு. இங்கே கோபுர உச்சியில் காற்றின் திசை காட்டும் செப்புக் காகம் இருக்கிறது. அது திரும்புவதைப் பார்த்து நாங்கள் படைத்தலைவர்களுக்கே வழி சொல்கிறோம். உனக்காக அதைத் தொந்தரவு செய்ய முடியாது.

இருந்தாலும் நானே கணித்தேன். வடமேற்குக் காற்று, உலோகச் சுரம். அஞ்சவேண்டியதில்லை. ஒரு வெள்ளை நாயை வெட்டி வாசலின் நான்கு பக்கமும் தொங்கவிடு. காற்று தேவன் அடங்கிவிடுவான்.

இந்த வருடம் கிழக்கே குடிபெயர்வது அப்பாவின் பிறந்த ஆண்டுக்கு ஆகாது. தவிர, சுவோ குடும்பத்துப் பெரியவர் சம்பந்தி வீட்டில் போய்ச் சோறு தின்கிறார் என்று என் மேலதிகாரி காதில் விழுந்தால் எனக்கு எப்படி இருக்கும்? அவரை அசைக்காதே.

சுவோ தெங்

*

குவாசோ,
ஐந்தாம் மாதம், முதல் வாரம்

காற்றுக்குக் கணக்கு எழுதும் கணவர் அவர்களுக்கு,

ஊர் பெயரைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன் முழுக்கப் படியுங்கள்.

நாயை வெட்டினோம். வெள்ளை நாய் கிடைக்கவில்லை. இருந்தது யென்னுடைய பழுப்பு நாய்தான். "மாவு பூசுங்கம்மா, என் மகன் சொன்ன சொல்லு தப்பக் கூடாது" என்றார் மாமா. மாவு பூசித் தொங்கவிட்டோம். யென் என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றாள்.

ஒரு காலையில் சந்தைக்கு வந்த கிழட்டு ஒட்டகங்கள் கத்திக்கொண்டே ஒன்றாகக் கூடி, வாயையும் மூக்கையும் மணலுக்குள் புதைத்தன. அதைப் பார்த்ததும் தெருவில் அத்தனை பேரும் கம்பளித் துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு சுவரோரம் படுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் கட்டவில்லை. எங்களுக்குத்தான் நாய் இருந்ததே. மாமா வாசலில் நாற்காலி போட்டு, காற்று தேவன் அடங்கும் அழகைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்.

காற்று தேவன் வந்தார். நாயை மாவோடு எடுத்துக்கொண்டார், மேற்குக் கூரையையும் எடுத்துக்கொண்டார். நானும் யென்னும் செப்புத் தாம்பாளத்தால் தோண்டி மாமாவை வெளியே எடுத்தோம். வாயில் இருந்த மண்ணைத் துப்பிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி கெடைக்குமாம்மா?"

அவர் சொல்லித்தான் வந்தோம். உங்கள் கணிப்புப்படி இது ஆகாத திசை. இங்கே வந்தபின் இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஷுன்

*

சாங்கான்,
எட்டாம் மாதம்

ஷுன்,

தலைநகரில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய நியாயமில்லை. வானத்திலிருந்து மஞ்சள் மண் மழையாகவே பெய்தது. அரண்மனைப் படிகளில் கால் வைத்தால் தடம் விழுந்தது. எங்கோ குற்றம் நடந்திருக்கிறது, வானம் காட்டிக்கொடுக்கிறது என்று அரசாணை வந்தது. ஒவ்வோர் அதிகாரியும் தன் குற்றத்தைத் தானே எழுதித் தரவேண்டும்.

பதவியில் என்மேல் ஒரு குற்றமும் இல்லாததால் வீட்டில் தேடினேன். நீ இருந்தாய். "கணவனின் சொல்லை மீறி, நோயாளி மாமனாரை இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போன மனைவியை அடக்கத் தெரியாதவன் நான்" என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி கண்கலங்கிவிட்டார். இவ்வளவு நேர்மையாக ஒருவரும் எழுதவில்லையாம். எனக்கு ஒரு படி உயர்வும் கிடைத்தது.

குற்றத்தை ஒப்புக்கொண்டவன் அதைக் களைந்தும் காட்டவேண்டும். என் அம்மாவுக்கு நீ மூன்றாண்டு துக்கம் காத்ததால் நானாக உன்னை விலக்கச் சட்டம் விடாது. ஆகவே இருவரும் மனமொத்துப் பிரிவதாக எழுதி அனுப்பியிருக்கிறேன். நீயும் அப்பாவும் சம்மதத்துக்கு அடையாளமாகத் தாளில் விரலை வைத்து விரல்கோடு போட்டுத் திருப்பி அனுப்புங்கள். பெண் குழந்தைதானே, நீயே வைத்துக்கொள்.

சுவோ தெங்

*

குவாசோ,
பத்தாம் மாதம்

சுவோ தெங் அவர்களுக்கு,

உம்முடைய கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். எதையும் விட்டுவிடவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "மண்ணு பெஞ்சதுக்கு இவ காரணமாம். அப்ப நம்ம வீட்ட மூடுச்சே, அதுக்கு எவன் காரணம்னு கேட்டு எழுதும்மா" என்றார். கேட்டுவிட்டேன். பதில் வேண்டாம்.

அரசாங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவ உமக்கு என்னைவிட மலிவான மண் கிடைக்கவில்லை. மனைவி முகம் சுளித்தால் தலைநகரில் மண் பெய்யுமென்றால், நீர் போன நாளிலிருந்து சாங்கான் முழுக்கப் புதைந்திருக்கவேண்டும். இதை நம்பிக் கண்கலங்கிய மேலதிகாரிக்கு என் அனுதாபம்.

பெண்ணை எனக்கே விட்டதை உம் கையால் எழுதினீர். அதற்காகவே கோடு போட்டேன். மாமாவும் போட்டார். "அவ உன்னை விட்டாளோ இல்லியோடா, நான் விட்டேன்" என்று சொல்லிக்கொண்டே விரலை வைத்தார். அவர் போட்ட கோடு கொஞ்சம் கோணல். செல்லுமாம், விசாரித்துவிட்டேன். இனி என் கையொப்பம் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரோடுதான்.

லிங்ஹூ ஷுன்

*

சாங்கான்,
மறு வருடம், மூன்றாம் மாதம்

அன்புள்ள ஷுன்,

நீயும் அப்பாவும் குழந்தையும் நலமாக இருக்க நாள்தோறும் வேண்டுகிறேன்.

மறுபடியும் மண் பெய்துவிட்டது. இம்முறை குற்றத்தை எழுதச் சொல்லவில்லை, அவர்களே தேடுகிறார்கள். நோயாளித் தகப்பனைக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லாமல் விட்டுவிட்டுப் பதவி வகிப்பவன் பெருங்குற்றவாளி என்று சட்டம் இருக்கிறது. நீ மனைவியாக இருந்தவரை வீட்டில் ஆள் இருந்தது. இப்போது இல்லை. என் உயர்வில் வயிறெரிந்த ஒருவன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். மேலதிகாரி என்னைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்புகிறார்.

குவாசோவுக்கு விசாரணை ஆள் வருகிறார். நாம் பிரியவில்லை, ஏதோ கோபத்தில் எழுதிக்கொண்டோம் என்று மட்டும் சொல். அப்பாவையும் அப்படியே சொல்லவை. அவர் எனக்காக எதுவும் செய்வார். பிள்ளைப் பாசம் அவருக்கு அதிகம், நீ அறிவாய். பழையதை மறந்துவிடு. உன்னிடம் கெஞ்சுகிறேன்.

உன் தெங்

*

குவாசோ,
ஐந்தாம் மாதம்

என் மாமனாரின் மகனுக்கு,

உம்முடைய கடிதம் வருவதற்கு முன்பே விசாரணை ஆள் வந்து போய்விட்டார். கடிதம் முன்னதாகவே வந்திருந்தாலும் நான் பொய் சொல்லியிருக்கமாட்டேன். பிரிந்துவிட்டோம் என்றேன். பெரியவரை இப்போது யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டார், நான்தான் என்றேன். என்ன உறவு என்று கேட்டார். அதற்கு என்னிடம் சரியான வார்த்தை இல்லை.

பிறகு மாமாவிடம் போனார். நல்ல மனிதர்தான், குனிந்து மரியாதையாகக் கேட்டார்: "பெரியவரே, உங்களுக்கு மகன் உண்டா?"

"இருந்தான்," என்றார் மாமா. "போன வருஷம் காத்துல போயிட்டான்."

அவரோடு வந்த எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் அதைத் திருத்தவில்லை. அவர் அப்படியே எழுதிக்கொண்டார். மாமா விரல்கோடு போட்டார், இம்முறை கோடு நேராக விழுந்தது. அவர்கள் போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்காக உம்மை நான் ஒருநாளும் மன்னிக்கமாட்டேன்.

பதவி போனால் இங்கே வந்துவிடலாம் என்று நினைப்பீர். மாமா உம்மை வரச் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

லிங்ஹூ ஷுன்