கிணற்றடிக்குப் போன பெயர்க்கல்

இஞ்சேருங்கோ,

போன ஞாயிறு மகள் என்னை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எகிப்துப் பகுதியில், கண்ணாடிக்குள்ளே பழுப்பேறிய ஒரு பப்பைரஸ் தாள் இருந்தது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன் வீட்டை எழுதிக்கொடுத்த உறுதிப் பத்திரமாம். மகள் பக்கத்திலிருந்த விளக்கத்தை வாசித்துவிட்டு, "அம்மா, அவ மரீட். ஆனா ஹஸ்பண்ட் சைன் பண்ணத் தேவையில்லையாம்" என்றாள்.

அந்த இடத்திலேயே உங்கள்மேல் எனக்குக் கோபம் பொங்கியது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் அது தணியவில்லை. தணிக்க எனக்கு விருப்பமும் இல்லை.

ஊரில் இருக்கிற அந்த வீடு அப்பா எனக்குத் தந்த சீதனம். ஆனாலும் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி, அதை இன்னொருவருக்குக் கொடுக்கப் புருசனான உங்கள் சம்மதம் வேண்டும். சண்டையில் வீடிழந்து, பிள்ளைகளோடு வாடகை வீடுகளில் அலைந்த என் தங்கச்சிக்குத்தான் கேட்டேன். இங்கே கனடாவில், மார்க்கம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்திரத்தை விரித்து, பேனாவையும் திறந்து வைத்தேன். நீங்கள் சோற்றுத் தட்டை அதன்மேல் வைத்துச் சாப்பிட்டீர்கள்.

"எங்களைக் கேட்டோ அவள் கலியாணம் கட்டினவள்? நான் உயிரோட இருக்கிறவரைக்கும் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றீர்கள்.

வீடு பூட்டியே கிடந்தது. அடுத்த வருடம் உங்கள் பெயரை மாபிள் கல்லில் செதுக்குவித்து, என் வீட்டு மதிலில் பதிப்பித்தீர்கள். செத்தவீட்டில் எல்லோரும் உங்களைத் தங்கமான மனுசன் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமையே நான் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன். ஒரு வருடமாவது பொறுக்கச் சொன்னாள் மகள். நான் கேட்கவில்லை. வீட்டைத் தங்கச்சிக்கு எழுதி, நான் மட்டும் கையெழுத்து வைத்தேன். அந்த எகிப்துக்காரிக்கு ஒரு தாள் போதுமாக இருந்தது. எனக்கு நீங்கள் சாகவேண்டியிருந்தது.

குடிவந்த அன்று தங்கச்சி போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள், அத்தானின் பெயர்க்கல்லை என்ன செய்வதென்று.

"எறியாதை. கழட்டிக் கிணத்தடியில போடு. உடுப்புத் தோய்க்க உதவும். எழுத்து மேல தெரியவேணும்" என்றேன்.

உயிரோடு இருந்தவரை நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். அந்தச் சொல்தான் இன்னும் என் காதில் நிற்கிறது. அவளுக்கு விடிகிற நேரம் பார்த்து நான் போன் எடுப்பேன். அவள் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு அந்தக் கல்லில் உடுப்பை அடித்துத் தோய்ப்பாள். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.