மணலுக்கு அடியில் கோயில்

11.2.1996, ஞாயிறு

தலக்காட்டிலிருந்து திரும்பியாயிற்று. ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியதெல்லாம் சரிதான். இன்று பகலில் மணல்மேடுகளில் நடந்தோமே, அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கிளம்பும்போதே இவருடைய அண்ணா, "அடியில பூரா கோயில் புதைஞ்சிருக்கு. செருப்போட மிதிக்கக் கூடாது" என்று எல்லோர் செருப்பையும் கூடாரத்திலேயே கழற்ற வைத்தார். உச்சி வெயில். பாதி மேட்டில் என் பெண் சுமதி, "அம்மா, சுடுதும்மா" என்று அழுதாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தால், முன்னால் போகிற அண்ணாவின் காலில் தடித்த சாக்ஸ்.

"இது என்னண்ணா?"

"இது தோல் இல்லையேம்மா."

"சுமதி செருப்பும் ரப்பர்தானே?"

அவர் காதில் விழாத மாதிரி மேலே ஏறினார். இவர்தான், "இர்லி, இருக்கட்டும் விடு, அண்ணா சொன்னா சரியா இருக்கும்" என்றார், தானும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

சுமதியின் உள்ளங்காலெல்லாம் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவித் தூங்கவைத்தேன். வழியில் இங்கே இறங்கிக் காபி குடித்த மகானுபாவர், அந்தச் சாக்ஸைத் துவைத்து வைக்கச் சொல்லிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

வைத்திருக்கிறேன். வெந்நீர் அடுப்பில், விறகுக்கு மேலே. காலையில் நானே பற்றவைப்பேன்.