கல்வெட்டில் அப்பாவின் பெயர்

என் அன்பு அண்ணைக்கு,

நாளை மறுநாள் உங்கள் அந்தியேட்டி, நீங்கள் செத்த முப்பத்தோராம் நாள் சடங்கு. வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவுக் கல்வெட்டு அச்சடிக்க வேண்டும். நயினாதீவில் செத்த பாதிப்பேரின் வாழ்க்கையைக் கல்வெட்டுப் புத்தகமாக எழுதிக் கொடுத்தவர் நீங்கள். உங்களுடையதை எழுத நான்தான் மிஞ்சினேன். இரக்கம் பார்க்காமல் எழுதப் போகிறேன், கோபிக்காதீர்கள்.

உங்கள் புத்தகங்களை அலுமாரியில் இருந்து எடுத்துப் படித்தேன். தீவுகளின் பண்பாட்டைப் பற்றிய தடித்த புத்தகத்தில், கூழுக்கு என்னென்ன மீன் போடுவது என்றுகூட இருக்கிறது. குடும்பக் கதையில், அப்பா காய்ச்சலில் போனார் என்று இருக்கிறது. யுத்தப் புத்தகத்தில், இராணுவத்தின் சுற்றிவளைப்பில் சாக்குப் போர்த்தி ஆளைக் காட்டிக் கொடுத்த தலையாட்டி யாரென்று தெரியாது என்று இருக்கிறது. தெரியாதா அண்ணை?

பள்ளிக்கூட வளவில் ஆண்களை வெயிலில் முழங்காலில் இருத்தியிருந்தார்கள். பெண்கள் நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். சாக்கு மூடிய அந்த மனிதர் இரண்டு தரம் விழுந்தார், உதைத்து எழுப்பினார்கள். அவருடைய வலது காலின் பெருவிரலில் அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிய சீலைத்துண்டு. அப்பாவை முதல்நாள் குறிகட்டுவான் இறங்குதுறையில் பிடித்தது நம் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அம்மா, "அவர் யாழ்ப்பாணம் போயிட்டார்" என்று சொல்லியிருந்தா.

அந்தக் கால்கள் உங்கள் முன்னால் நின்றன. தலை ஆடவில்லை. துவக்குப் பிடியால் முதுகில் இடித்தார்கள். அப்பா ஓரடி நகர்ந்து, உங்களுக்குப் பக்கத்தில் இருந்த, நம் அயல்வீட்டுச் சிவமணி அக்காவின் புருஷனுக்கு முன்னால் தலையை ஆட்டினார். அக்காவின் புருஷனின் வாயை அங்கேயே உடைத்தார்கள். பிறகு தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் சுட்டார்கள். உங்கள் சட்டையில் தெறித்த இரத்தம் போகவில்லை என்று அம்மா அதை எரித்தா. நாலாம் நாள் அப்பா விலா உடைந்து வந்து, இரத்தமாகச் சத்தி எடுத்துச் செத்தார். இதுவா காய்ச்சல்?

அக்காவின் சொந்தத் தம்பியையும் முதல்நாள் பிடித்துப் பிறகு விட்டிருந்தார்கள். அவர்தான் தலையாட்டி என்று ஊர் முடிவுகட்டியது. அக்கா அவர் முகத்தில் மண்ணை அள்ளி எறிந்தா, பிறகு கதைக்கவே இல்லை. அவர் காரைநகரில் தனியே கிடக்கிறார். இதெல்லாம் தெரிந்தும் அந்த அக்காவிடமே போயிருந்து, கேட்டுக் கேட்டு யுத்தப் புத்தகத்தை எழுதினீர்கள். எப்படி அண்ணை மனம் வந்தது?

நேற்று நான் போனேன்.

"அக்கா, சாக்குக்குள்ள நிண்டது என்ரை அப்பா. அண்ணையை விட்டிட்டு உங்கடை அவரைக் காட்டினவர்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

திரும்பவும் சொன்னேன். கையிலிருந்த அகப்பையால் அடித்தா. முகம், தோள் என்று பார்க்கவில்லை. என் உதடு கிழிந்தது. நான் தடுக்கவில்லை. களைத்துப்போய்க் கதிரையில் இருந்து, மூச்சு வாங்க வாங்கச் சொன்னா: "என்ரை தம்பிக்குப் போன் அடிச்சுத் தா."

அடித்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம், "ஆர்?" என்று கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டது. அக்கா போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தா.

அப்பா செய்தது பிழை என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வருவதில்லை. அவர் உங்களைத் தாண்டியபோது நான் சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசத்தையும் சேர்த்தே கல்வெட்டில் எழுதுவேன். முதல் பிரதியைக் காரைநகருக்கு நானே கொண்டுபோய் அந்தத் தம்பியின் கையில் கொடுப்பேன். அவரும் அடித்தால் அடிக்கட்டும்.

நீங்கள் உயிரோடு எழும்பி வந்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்த,
உங்கள் தங்கச்சி