மீன்களுக்குப் பாடை கட்டிய அண்ணனுக்கு

என் முரட்டு அண்ணே,

உன்னைச் சுட்டவர்கள் நலம். நீ விசாரிப்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்ஜெண்டுக்கு அலோர் ஸ்டாரில் பதக்கம் குத்தினார்கள், பயங்கரவாதியை வீழ்த்தினாராம். சிடாம் கிரி தோட்டத்துக்குச் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்றவன் பயங்கரவாதி என்றால், அந்த மீனைத் தின்ற மானேஜரை என்னவென்று சொல்வது?

எண்ணெய் தேடுகிறோம் என்று கம்பெனி கடலுக்குள் வெடி வைத்தபோது, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க நாட்டில் அவசரகாலம் நடப்பது யாருக்கும் நினைவில் இல்லை. மீன்கள் வயிறு கிழிந்து, கண் பிதுங்கி ஒதுங்கின. முதல் துளை போட்டதும் சேறு கறுத்து, நண்டுகள் கரையேறி வந்து செத்தன. எதிர்த்துக் கூட்டம் போடப் போனால் சட்டவிரோதம் என்றார்கள். சாமி ஊர்வலத்துக்கும் சாவு ஊர்வலத்துக்கும் மட்டும் தடையில்லை.

நீ சிரித்தாய். "அப்ப சாவு ஊர்வலமே போவோம்லா. இத்தன பொணம் கெடக்குதே!"

மூங்கிலில் பாடை கட்டி, செத்த மீன்களைக் கிடத்தி மாலை போட்டு, கம்பெனியின் படகுத்துறைக்குக் கிளம்பினோம். மலாய்ப் படகுக்காரர் பாக் மானும் தோள் கொடுத்தார். "மீனுக்கும் நெருப்பு வைக்கிறதா, தம்பி?" என்று தன் அரைத் தமிழில் கேட்டார்.

"உங்க வழக்கப்படி பொதச்சிக்கலாம், பாக்," என்றாய்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "அண்ணே, வேட்டு மட்டும் வேணாம்."

"வேட்டுப் போடாம எடுத்தா அது அநாதப் பொணம்டா!"

வேட்டு வெடித்தது. வேலிக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் பதில் சொல்லின. தோட்டா உன் தாடையைப் பெயர்த்துக்கொண்டு போனது. பாடை சரிந்து மீன்கள் உன்மேல் கொட்டின. பாக் மானின் ஒரு கை முழங்கைக்குக் கீழே தோலில் தொங்கியது. உன் தாடையிலிருந்து நுரைத்து வந்த ரத்தத்தை என் கைலியால் அடைத்தேன், நிற்கவில்லை. நிமிர்ந்தால், ஒரு சிப்பாய் செத்த மீன்களைத் துப்பாக்கிக் கத்தியால் குத்திக்கொண்டிருந்தான். எது உயிரோடிருக்கிறது என்ற சந்தேகம் போலும்.

அன்று முழுக்கக் கடலில் கம்பெனி வெடித்துக்கொண்டுதான் இருந்தது. அதை நோக்கி ஏன் யாரும் சுடவில்லை, அண்ணே?

இப்போது கரை நெடுகக் கடலுக்குள் இரும்புக் கோபுரம் நட்டுத் துளை போடப்போகிறார்கள். மாவட்ட அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் சொன்னதை அவருடைய எழுத்தரான கிராணி தமிழில் சொன்னார். "எண்ணெய் வந்தா ஊருக்கே வெளிச்சம்லா, தம்பி. எதிர்த்தா கம்யூனிஸ்டு ஆளுன்னு முள்கம்பிக்குள்ள போட்டுருவாங்க."

"வெளிச்சத்துல வெறுஞ்சோத்தப் பாத்துக்கிட்டே திங்கவா, சார்?" என்றேன். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அடுத்த கோபுரம் நட வருகிறார்கள். வெள்ளியன்று கடலுக்குப் போகாத மலாய்க்காரர்களும் அன்று படகெடுக்கிறார்கள். அந்த இடத்தை அடைத்து நிற்போம். பாக் மான் மிச்சமுள்ள கையால் சுக்கான் பிடிப்பார். தொழுகைக்குள் திரும்பிவிடலாம் என்கிறார். அவருக்கு எப்போதும் கொஞ்சம் நம்பிக்கை அதிகம்.

நங்கூரக் கயிறு என் கையில் இருக்கும். நான் இழுக்கமாட்டேன், அண்ணே. வேண்டுமானால் கையோடு சேர்த்து அறுக்கட்டும்.

நீ பிறந்த வயிற்றில் உனக்குப் பின்னால் பிறந்தவன்,
காளியப்பன்