சித்தேரியில் நாம் கேட்ட சூரியன்

இன்று காலை வகுப்பில் ஆண்டெனாவின் அறுந்த கம்பியைப் பற்றவைத்தேன். ஈயம் உருகி எழுந்த புகை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. முனைவர் பட்ட மாணவர்களுக்கான ஐந்து நாள் விண்வெளி அறிவியல் பயிற்சி, தருமபுரியில் இந்த வருடமும் நடக்கிறது. இப்போது நடத்துவது நான்.

அன்று இதே பயிற்சியில் நாம் இருவரும் மாணவிகள். நான் இண்டூரில் விவசாயி வீட்டுப் பெண். நீ தருமபுரி கடைவீதியில் பூட்டு விற்பவரின் மகள். சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பதிவு செய்ய நம்மைச் சித்தேரி மலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆண்டெனாவின் கம்பிகளைப் பற்றவைத்தது நீதான். நன்றாகச் செய்யும் ஜோடிக்குப் பெரிய ஆய்வகத்தில் இடம் என்றார்கள். என் ஆய்வு வழிகாட்டி ஏறக்குறைய என்னைக் கைகழுவியிருந்த நேரம். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது.

பதினோரு மணிக்குப் பதிவுக் கருவியின் திரையில் கோடு செங்குத்தாக எழுந்தது. சூரியன் சீறியதைப் பிடித்துவிட்டோம் என்று குதித்தேன். நீ குதிக்கவில்லை.

"இரு புள்ள. இந்தக் கோடு எறங்கறப்பல்லாம் கீழ ஒரு சத்தமும் நிக்குது பாரு."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சரிவில் இறங்கினாய். கீழே மாவு மில். பின்னாலேயே ஓடிவந்தேன்.

"அண்ணா, ரெண்டு நிமிசம் மோட்டார நிறுத்துங்க," என்று மில்காரரிடம் கேட்டாய்.

"ராகி பாதியில கெடக்குது, இப்ப வந்து நிறுத்தச் சொல்றீங்களே!"

"ஒரே தடவங்க. நானே நின்னு அள்ளித் தர்றேன்."

நிறுத்தினார். மேலே வந்து பார்த்தால், மோட்டார் நின்ற அதே நிமிடத்தில் கோடும் படுத்திருந்தது. நாம் பிடித்தது மோட்டார் கிளப்பிய மின் இரைச்சலை.

"யாருக்குத் தெரியப்போவுது? விட்டுடு," என்றேன்.

"நாளைக்கு யாராவது இத நம்பி ஒரு கணக்குப் போடுவாங்க. அவங்க என்னா பாவம் பண்ணாங்க?"

திரும்பும் பேருந்தில் உன்னோடு நான் பேசவில்லை.

மறுநாள் முடிவுகளைச் சொல்லும் அரங்கில் நம் முறை வந்தபோது, "நீயே சொல்லு," என்று மைக்கை என்னிடம் நீட்டினாய். நினைத்திருந்தால் அப்போதும் பொய் சொல்லியிருக்கலாம். "எங்களுக்குக் கெடச்சது சூரியன் இல்லைங்க, மாவு மில்லு," என்றேன். அரங்கமே சிரித்தது. ஆய்வக இடம் வேறொரு ஜோடிக்குப் போனது. ஆனால் பூமியின் இரைச்சலிலிருந்து சூரியனைப் பிரித்தெடுப்பது எப்படி என்ற கேள்வி என்னோடு ஊருக்கு வந்தது. அதுவே என் ஆய்வேடானது. கைகழுவிய வழிகாட்டியே அதில் கையெழுத்துப் போட்டார்.

நீ கல்லூரி ஆசிரியையானாய். போன வருடம் நோய் உன்னைக் கொண்டுபோனது. மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, "இன்னும் கோவமா புள்ள?" என்று சிரித்தாய். இல்லை என்று தலையாட்டினேன். நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும், உன் போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம் என் பழைய கட்டுரை ஒன்றில் தவறு இருப்பதைக் கண்டுபிடித்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை. அன்றே அதை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். "எதுக்குங்க மேடம் அவசரம்?" என்றார் கூட வேலை செய்பவர். அவசரமில்லை, பழக்கம் என்றேன். உன்னிடமிருந்து வந்த பழக்கம். இப்போது எனக்கு அது கஷ்டமாகவே இல்லை.