செவ்வாயில் இருப்பதாக நினைத்துக்கொள்

ஜூலை 2, 2024
கனடா, வடதுருவத் தீவு

அன்புள்ள அண்ணா,

உனக்கும் அண்ணிக்கும் அம்மாவுக்கும் ஸ்தோத்திரம். நான் சுகம். இங்கே மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது, கல்லும் செம்மண்ணும்தான். செவ்வாய்க் கிரகம் இப்படித்தான் இருக்குமாம். அதனால்தான் இங்கே ஒரு கூடம் அமைத்து, எங்கள் ஆறு பேரையும் செவ்வாயில் இருப்பவர்கள்போல வாழவிட்டு ஆராய்கிறார்கள். விண்வெளி உடை போடாமல் வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. போன் கிடையாது. மின்னஞ்சலில் போகும் கடிதத்தைக்கூட அவ்வளவு தூரத்திலிருந்து வருவதுபோல வேண்டுமென்றே சில நிமிடம் தாமதித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆகஸ்ட் முடியும்வரை யாரும் வெளியேறக் கூடாது.

"செவ்வாய்க்குப் போறேம்மா" என்றதற்கு, "செவ்வாக்கெழம இன்னாத்துக்குப் பொறப்படற, புதங்கெழம போயேன்" என்றாரே அம்மா, அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். நீதான் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறாய்.

உன் பாப்பா,
ஷாரோன்

ஜூலை 13, மானாம்பதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நேற்று அம்மா களத்தில் விழுந்துவிட்டார். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை. காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். "பாக்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர். உன் அண்ணி பிரிஸ்கில்லா கூடவே இருக்கிறாள். நினைவு வரும்போதெல்லாம், "பாப்பா வந்துகினு இருக்குதா?" என்றுதான் அம்மா கேட்கிறார்.

உடனே புறப்படு. கதவைத் திறந்தால் நீ நிற்பது பூமிதானே?

அண்ணன்,
டேனியல்

ஜூலை 14

அன்புள்ள அண்ணா,

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் குழுத் தலைவரிடம் கேட்டேன். "விமானத்தை வரவழைக்கிறேன், முடிவு உன்னுடையது" என்றார். ஆனால் நடுவில் ஒருவர் போனால் மற்ற ஐந்து பேரின் உழைப்பும் வீணாகும் என்கிறார்கள். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது என்னைச் சேர்க்கவே மாட்டார்கள். நம் காலனியிலிருந்து ஒரு பெண் இதுவரை வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும். அம்மா திடமானவர், எழுந்துவிடுவார்.

நான் நிஜமாகவே செவ்வாயில் இருந்தால் வர முடியாது அல்லவா? அப்படி நினைத்துக்கொள்.

ஷாரோன்

ஜூலை 20, மானாம்பதி

ஷாரோனுக்கு,

அம்மா நேற்றுக் காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இன்று அடக்கம் செய்தோம்.

நீ வரமாட்டாய் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஏரோப்ளேன் ஏறிட்டாம்மா" என்றேன். குழறிக் குழறி, "அதுல சோறு போடுவாங்களாடா?" என்று கேட்டார். "போடுவாங்க" என்றேன். "அப்டின்னா சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேசவில்லை.

அடக்கத்தில் எல்லாரும், "பொண்ணு எங்க?" என்று கேட்டார்கள். நீ செவ்வாயில் இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

டேனியல்

ஆகஸ்ட் 5

அண்ணா,

நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்று நடந்தது, உன்னிடம் சொல்லியாக வேண்டும். முந்தாநாள் ஜெனரேட்டர் தீப்பிடித்தது. கதவைத் திறந்து, எல்லாரும் போட்டிருந்த ஸ்வெட்டரோடு வெளியே ஓடினோம். பழுது பார்க்க ஹெலிகாப்டரில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தார்கள். வெளியே நின்று, சிரித்துப் பேசிக்கொண்டே உரித்துத் தின்றோம். நானும் தின்றேன். மறுநாள் தலைவர், "சிறு இடைவேளை" என்று குறித்துக்கொண்டார். ஆராய்ச்சி தொடர்கிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை, அண்ணா. யாருக்கும் எதுவும் வீணாகவில்லை.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு எப்படியாவது வந்துவிடுகிறேன். அண்ணியிடம் சொல்.

உன் பாப்பா

ஆகஸ்ட் 11, மானாம்பதி

ஷாரோன்,

ஜெபக் கூட்டத்துக்குக் கார்டு அடித்தாகிவிட்டது. உத்திரமேரூரில்தான் கொடுத்தேன். கீழே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் பெயர் இருக்கிறது. உன் பெயர் இல்லை. அச்சுக்காரர் இரண்டு முறை கேட்டார். கார்டு வாங்கியவர்களும் கேட்கிறார்கள். அவர்களிடம் அச்சுப்பிழை என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அது பிழை இல்லை.

டேனியல்