பெட்டி திறக்குறேன்

குவீன்ஸ்டவுன்,
சிங்கப்பூர்.

அன்பு மகள் நிரஞ்சனாவுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க எனக்கு முட்டி வலியைத் தவிர வேற குறை இல்லை, அங்க உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைங்களுக்கும் குளிரைத் தவிர வேற குறை எதுவும் இருக்கக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயில்ல எல்லார் பேருக்கும் அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். ஐயர் எட்மன்டன் எங்கம்மா இருக்குன்னு கேட்டார், கனடா ஐஸுக்குள்ளன்னு சொன்னேன், சிரிச்சிட்டார்.

வாட்ஸப் இருக்கும்போது எதுக்கும்மா கடிதம்னு நீ கேப்பே. போன்ல தம்பி பேரை எடுத்தாலே அம்மா அடுப்புல கொழம்பு இருக்குன்னு வச்சிடுறே. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா வேகமா ஓட விட்டுக் கேக்குறேன்னு நீயே சொல்லியிருக்கே. கடிதத்தை வேகமா ஓட விட முடியாது பாரு. நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ்தான், ஆனா என் கையெழுத்தைப் பாத்துட்டு உன் தம்பி பொண்ணு சிவானியே பாட்டி உங்க ரைட்டிங் என் டீச்சரைவிட நீட் லா அப்படின்னா. அதனால கண்ணாடியைப் போட்டுட்டு நிதானமா எழுதுறேன், நீயும் நிதானமா படி. நீயும் தம்பி ஷங்கரும் ஏப்ரல் மாசத்துலேர்ந்து பேசிக்கலை. தீபாவளிக்குக்கூட நீ எனக்குத் தனியா, அவன் பொண்டாட்டி கவிப்ரியாவுக்குத் தனியா போன் போட்டியே தவிர அவனுக்குப் போடலை. அவனும் போடலை. எனக்கு இருக்கிறது நீங்க ரெண்டே பேரு. உங்கப்பாவும் போய்ச் சேந்துட்டார். எனக்கப்புறம் உங்களுக்கு நடுவுல யாரு நிப்பா, அதுதான் எனக்கு இப்ப கவலை, முட்டி வலி எல்லாம் கவலையே இல்லை.

சண்டை எதுக்குன்னு நினைச்சா சிரிப்பும் வருது. தாத்தா பெட்டிக்கு. நம்ம பிளாக்கை இடிக்கப் போறாங்க, புது வீடு சின்னது, இந்த மரப்பெட்டி உள்ள வராதுன்னு அவன் டேப் வச்சு அளந்து பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடலாம்னான். நீ அங்கேர்ந்து தாத்தா சாமானைத் தூக்கிப் போட உனக்கு எப்படிடா மனசு வருதுன்னே. அவன் உடனே ஐஸ்ல உக்காந்துகிட்டு மனசைப் பத்திப் பேசாதக்கா, வந்து ஒரு பக்கம் தூக்கு பாப்போம்னான். நீ போனை வச்சே. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான், அதுதான் தொல்லை. அவன் செம்பவாங்லேர்ந்து வேலை முடிஞ்சு வந்து வந்து ஒவ்வொரு அட்டைப்பெட்டியா கட்டினான் நிரஞ்சனா, அதை நீ பாக்கலை. நீ அங்க அந்தப் பெட்டியை நினைச்சு அழுதியே, அதை அவன் பாக்கலை.

உங்களுக்கு அது புத்தக அலமாரி. மேல் தட்டு உனக்கு, கீழ் தட்டு அவனுக்கு. அவன் பந்து விளையாடக் கால்ல மாட்டுற சப்பாத்தைக் கீழ வச்சா நாத்தம் மேல வருதுன்னு தினம் நீ சண்டை போடுவே. அது ஒரு காலத்துல குளுகுளுன்னு ஓடின பெட்டின்னு சொன்னா ரெண்டு பேரும் நம்ப மாட்டீங்க. கரண்ட் ஒயரே இல்லையேம்மான்னு ஷங்கர் பின்பக்கம் போய்த் தேடுவான். எங்கப்பா செம்பவாங் நேவல் பேஸ்ல தச்சுப் பட்டறையில இருந்தார்னு தெரியும்ல, அங்க ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வீட்டுக்குக் கரண்ட்ல ஓடுற பெட்டி வந்ததும் இதைக் கீல் ஒடைஞ்சதுன்னு வெளிய போட்டுட்டாங்க. அப்பா கூட்டாளிங்களோட கைவண்டியில தள்ளிட்டு வந்து புதுக் கீல் போட்டார். வெளிய தேக்கு, உள்ள பூரா தகரம், ரெண்டுக்கும் நடுவுல மரத்தூளை அடைச்சு இறுக்கியிருக்கும். உச்சியில மூடியைத் தூக்கி ஐஸ் கட்டியை வைக்கணும், குளிர் கீழ இறங்கி ரெண்டு தட்டையும் குளிர வைக்கும், கரைஞ்ச தண்ணி பின்பக்கக் குழாய் வழியா இறங்கி அடியில இருக்கிற பேசின்ல சொட்டும். அந்த பேசினை ரொம்புறதுக்குள்ள எடுத்துக் கொட்டுறதுதான் என் வேலை. டொக்கு டொக்குன்னு சொட்டுற சத்தம் கொஞ்சம் கொஞ்சமா களக்கு களக்குன்னு மாறும், அப்ப ஓடணும். ஸ்கூல்ல வாய்ப்பாடு சொல்லும்போதுகூட என் காது அந்த பேசின்லதான் இருக்கும்.

எங்க குவாட்டர்ஸ் வரிசையிலேயே பெட்டி இருந்தது எங்க வீட்டுல மட்டும்தான். ஐஸ் லோரி வந்து சாக்குல சுத்தின கட்டியை ரம்பத்தால அறுத்துக் குடுத்துட்டுப் போகும், அதுக்குக் காசை வரிசையே சேர்ந்து குடுக்கும், அதனால பெட்டி எங்களது, குளிர் எல்லாரோடதுன்னு அப்பா சொல்வார். ஆனா கதவை நினைச்சப்ப எல்லாம் திறக்க முடியாது, குளிர் ஓடிடும். காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, அவ்வளவுதான். எங்கம்மா கரண்டியால பெட்டி மேல தட்டி பெட்டி திறக்குறேன்னு கத்துவாங்க. அவ்வளவுதான், எல்லாரும் பாத்திரத்தைத் தூக்கிட்டு ஓடி வருவாங்க. பேச்சு, சிரிப்பு, யார் மீன் பெருசு, யார் வீட்டுத் தயிர் புளிச்சது, எல்லாம் கதவு திறக்குறதுக்கு முன்னாடிதான். திறந்துட்டா வாயைத் திறக்கக் கூடாது, கையை மட்டும் நீட்டணும். அம்மா யார் பாத்திரம் எந்த இடம்னு பாக்காமலே எடுத்துக் குடுப்பாங்க. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ரொக்கியா மாக்சிக் மாட்டிறைச்சி வாங்கின அன்னிக்கு வரவே மாட்டாங்க, அன்னிக்கே சமைச்சு முடிச்சிடுவாங்க. எங்கம்மா பன்றிக்கறி வீட்டுக்குள்ளயே எடுக்கிறதை விட்டுட்டாங்க. ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கிட்டது இல்லை.

எதிர் வீட்டுல ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, இராசமலர்னு பேரு, வீட்டுக்காரர் பேஸ்ல கிளார்க். அவங்க மரக்கறி மட்டும்தான் வைப்பாங்க, அதனால மேல் தட்டுல வலது மூலை அவங்களுக்கு. ஐஸுக்கு நேர் கீழ, நல்ல குளிர் இடம். ஒரு நாள் அவங்க கதவைத் திறந்து பிடிச்சுட்டு ரொக்கியா மாக்சிக்கோட சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க. எங்கம்மா வெடுக்குன்னு ஐஸ் என்ன உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல காய்க்குதான்னு கேட்டுட்டாங்க. அவங்க விடுவாங்களா, வெள்ளைக்காரன் குப்பையில போட்ட பெட்டிக்கு இவ்வளவு அதிகாரமோன்னுட்டாங்க. அதோட பேச்சு நின்னு போச்சு. ஆனா சாயந்திரம் கரண்டி சத்தம் கேட்டா வருவாங்க, மூஞ்சியை வேற பக்கம் திருப்பிட்டுப் பாத்திரத்தை நீட்டுவாங்க, அம்மாவும் வேற பக்கம் பாத்துட்டு வாங்கி அந்த மூலையில வைப்பாங்க. அப்புறம் அதுவும் நின்னு போச்சு, அவங்க வரதே இல்லை. மழைக்காலம் வேற, ஐஸ் லோரி சரியா வரலை, ஆளாளுக்கு அந்த மூலையைக் கேட்டாங்க. அம்மா குடுக்கலை. அது ஆள் இருக்கிற இடம்னு சொல்லிட்டாங்க.

ஒரு சாயந்திரம் அம்மா கரண்டியால தட்டிக் கதவைத் திறந்தாங்க, எல்லாருக்கும் குடுத்தாங்க, மூடலை. திறந்த கதவைப் பிடிச்சுட்டு அப்படியே நிக்கிறாங்க. நான் பேசினைக் கையில வச்சுட்டு முழிக்கிறேன். ரொக்கியா மாக்சிக் ஐயோ ஐஸ் ஐஸ்னு கத்துறாங்க. அப்பா என்ன புள்ள பைத்தியமான்னு கேக்குறார். அம்மா எதிர் வீட்டு வாசலையே பாத்துட்டு நிக்கிறாங்க, கீழ டொக்கு டொக்கு வேகமாகிட்டே போகுது. கடைசியில இராசமலர் அம்மா செருப்புகூடப் போடாம ஓடி வந்து, கதவைச் சாத்துங்கோ அக்கா, ஐஸ் எல்லாம் கரைஞ்சு போகுது எல்லோன்னு சொல்லித் தானே இழுத்து மூடினாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பெட்டி மேல சாஞ்சு சிரிச்சாங்க, அழுதாங்க. எனக்கு அப்ப ஒண்ணும் புரியலை, பேசின் ரொம்பி என் பாவாடை நனைஞ்சதுதான் நினைவிருக்கு.

சரி, இப்ப நடந்ததுக்கு வரேன். போன மாசம் வீடு மாறினோம். பெட்டி வந்துச்சு. நான் எதுவும் சொல்லலை, லோரிக்காரங்ககிட்ட ஷங்கரே அண்ணே இது கடைசியா ஏத்துங்க, முதல்ல இறக்கணும்னு சொன்னான். அடுப்படியில இடம் இல்லை, ஹால்ல சோபா வைக்கிற இடத்துல நிக்குது, சோபாதான் போச்சு. ஆனா கரண்ட் பெட்டி, அதாம்மா பிரிட்ஜ், லோரியில வந்ததுலேர்ந்து உறுமிட்டே இருந்து சாயந்திரம் செத்துப் போச்சு. புதுசு வர ரெண்டு மூணு நாள் ஆகும்னு கடையில சொல்லிட்டாங்க. மறுநாள் காலையில பால் காய்ச்சணும், பால் வாங்கி வச்சாச்சு, கவிப்ரியா தோசை மாவு ஆட்டி எடுத்துட்டு வந்திருக்கா, தேக்கா மார்க்கெட்டுல சுஹைப் கடையிலேர்ந்து வாங்கின வஞ்சிரம் வேற. என்ன பண்றதுன்னு நிக்கிறோம். ஷங்கர் பெட்டி மூடியைத் தூக்கிப் பாத்துட்டு, அம்மா இது இன்னும் வேலை செய்யுமான்னான்.

பெட்ரோல் ஸ்டேஷன்ல பை பையா ஐஸ் வாங்கிட்டு வந்தான். அந்தக் காலத்துக் கட்டி மாதிரி இல்லை, சின்னச் சின்னதா, சீக்கிரம் கரையுற ஜாதி. போட்டு மூடிட்டு எல்லாரும் சுத்தி உக்காந்தோம். கவிப்ரியா சாக்கு போட்டு மூடலாமான்னு கேட்டா, ஐஸை மூடினா ஐஸ் நிக்கும், பெட்டி குளிராதுன்னு சொன்னேன். ஆனா சத்தம் வரலை நிரஞ்சனா. அடியில பேசின் காஞ்சு கிடக்கு, கதவு இடுக்குல தண்ணி கசியுது, புதுத் தரை எல்லாம் ஈரம். குழாய் அடைச்சிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஷங்கர் சட்டை மாட்டுற கம்பியை நீட்டிக் குத்தினான். என்ன வந்துச்சு தெரியுமா, ஒரு குட்டி பென்சில், ரெண்டு அஞ்சாங்கல்லு, உன் பச்சை ரப்பர். பின்னாடியே தண்ணி. அவன் அந்த ரப்பரைக் கையில வச்சுட்டு, இது அக்கா வேலை, நான் இல்லம்மான்னு சொன்னான். அம்பது வயசு ஆகப் போற ஆம்பளை, ஆறு வயசுப் பிள்ளை மாதிரி. அக்கான்னு அவன் வாயிலேர்ந்து வந்து எவ்வளவு நாள் ஆச்சு. நாங்க எல்லாரும் தரையைத் துடைச்சுட்டே சிரிச்சோம். அப்புறம் டொக்கு டொக்குன்னு ஆரம்பிச்சுச்சு பாரு, நான் எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்து பாலை மேல் தட்டுல வச்சேன், அதுதானே குளிர் இடம். அவன் எடுத்துக் கீழ வச்சுட்டான். கீழ மாவு, மீன், பால் எல்லாம் நெருக்கிக்கிட்டு நிக்குது, மேல காலி. ஏன்டா பால் திரிஞ்சா நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னு சொல்லித் திரும்ப மேல வச்சேன். திரும்ப எடுத்துட்டான். அது அக்கா தட்டும்மா, வரட்டும், அப்படின்னான். உன் பச்சை ரப்பரைத் துடைச்சு அங்க வச்சான். பால் திரியலை, நல்லா பொங்குச்சு. புது பிரிட்ஜும் வந்துடுச்சு, பெட்டியில இப்ப ஐஸ் இல்லை, கீழ் தட்டுல என் மருந்து, சிவானி புத்தகம். மேல் தட்டு அப்படியே இருக்கு. உன்கிட்ட இதைச் சொல்ல வேண்டாம்னான். போன்ல சொல்லாதேன்னுதான் அர்த்தம், கடிதத்துல எழுதாதேன்னு சொல்லலையே.

யார் முதல்ல பேசுறதுங்கிற கணக்கு எல்லாம் வேண்டாம், அவன் ஏற்கனவே பேசிட்டான், உனக்குக் கேக்கலை, அவ்வளவுதான். மத்தபடி நீ பால்கனி பனியில கொழம்புச் சட்டியை வைக்கிறேன்னு சிவானி போட்டோ காட்டினா, என் பொண்ணு என் பொண்ணுதான்னு நினைச்சுக்கிட்டேன், ஆனா மூடி மேல கல்லு வை. பழைய சாதத்தை ஜில்லுன்னு சாப்பிடாதே, உனக்குத் தொண்டை ஆகாது. மாப்பிள்ளை பிரஷர் மாத்திரையை விடாம போடுறாரான்னு பாத்துக்கோ. வாரம் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை.

பொங்கலுக்குக் கேம்பல் லேன்ல கரும்பு வந்ததும் ஷங்கர் ஐஸும் வாங்கிட்டு வருவான், சொல்லிட்டேன். இங்க காலையில பானை பொங்குற நேரம் உனக்கு முந்தின நாள் சாயந்திரம், வேலை முடிஞ்சு வீட்டுல இருப்பே. முடிஞ்சா வந்துடு, முடியலைன்னா அவனுக்குப் போன் போடு, எனக்கு இல்லை. உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பாத்துத் திருநீறு பூச வேண்டியிருக்கு, அதுவரைக்கும் அம்மன் உங்களை நல்லா வச்சிருக்கட்டும். அன்னிக்குக் கரண்டியால தட்டிட்டுத் திறப்பேன், மூட மாட்டேன். திறந்த கதவைப் பிடிச்சுட்டுத்தான் நிப்பேன், எல்லாரும் கத்தட்டும். ஐஸ் கரையுதுடான்னு நீ அவன்கிட்ட சொல்லு, அவன் வந்து மூடட்டும்.

உன் அம்மா,
அஞ்சலை வேலாயுதம்